குழந்தைகளின் எண்ணச் சுழற்சி நோய்: மருந்து தொடங்கும் முன் பெற்றோர் அறிய வேண்டியவை

ஓயாமல் கை கழுவுதல், பூட்டிய கதவைப் பலமுறை சரிபார்த்தல், “அம்மாவுக்கு ஒன்றும் ஆகாதே?” என்று திரும்பத் திரும்பக் கேட்டல் ஆகியவை பிடிவாதம் அல்ல, எண்ணச் சுழற்சி நோயின் அறிகுறிகளாக இருக்கலாம்.

நோய் லேசாக இருப்பின் உளவியல் பயிற்சியே முதலில் அளிக்கப்படும். படிப்பும் உறக்கமும் பாதிக்கப்பட்டால் மருந்தும் சேர்க்கப்படும். 2004இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், செர்ட்ராலின் மருந்தையும் உளவியல் பயிற்சியையும் சேர்த்துப் பெற்ற குழந்தைகளே கூடுதல் முன்னேற்றம் கண்டனர்.

இம்மருந்துகள் தூக்க மாத்திரைகள் அல்ல. போதைப் பழக்கத்தையும் உண்டாக்குவதில்லை. குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தப்படும். முழுப் பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகலாம். ஆதலால் பத்து நாளில் நம்பிக்கை இழக்க வேண்டாம்.

தொடக்கத்தில் தோன்றும் குமட்டல், தலைவலி, உறக்கக் குறைவு ஆகியவை பெரும்பாலும் தாமாகவே தணியும். ஆனால் சில குழந்தைகளுக்கு, குறிப்பாக முதல் வாரங்களிலும் மருந்தின் அளவு மாறும்போதும், தற்கொலை எண்ணம் எழக்கூடும். அளவுகடந்த பரபரப்பு, புதிய எரிச்சல், சாவைப் பற்றிய பேச்சு ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அன்றே மருத்துவரை அணுகுங்கள். மருந்தை நீங்களாகத் திடீரென நிறுத்தாதீர்கள். மாத்திரைகள் பெரியவர்களின் பொறுப்பிலேயே இருக்கட்டும்.

காரிமங்கலம் பகுதியினர் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை நாடலாம். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் இரவும் பகலும் இலவசமாகத் தமிழில் ஆலோசனை பெறலாம்.