பாதி காலியான கடைத்தொகுதி: வாங்குவோர் அறிய வேண்டுவன

பண்டைத் தமிழர் அங்காடியை இரண்டாகப் பகுத்தனர். பகலிற் கூடுவது நாளங்காடி. இரவிற் கூடுவது அல்லங்காடி. மதுரைக்காஞ்சி இவ்விரண்டையும் விரித்துரைக்கின்றது. புகார் நகரத்து நாளங்காடி, கடலை அடுத்த மருவூர்ப்பாக்கத்துக்கும் உள்நகரமாகிய பட்டினப்பாக்கத்துக்கும் இடைப்பட்ட சோலையில் இருந்தது எனச் சிலப்பதிகாரத்தால் அறிகின்றோம். இவ்விடக்குறிப்பு வாணிகத்தின் முதற்பாடமாகும். இரு பாக்கத்து மக்களும் கடந்து செல்லும் வழியில் அங்காடி அமைந்தது. ஆள் நடமாட்டம் முன்னே இருந்தது. கடை அதன் பின்னே வந்தது.

இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் இம்முறை பல இடங்களில் தலைகீழாயிற்று. கட்டடத்தை முதலில் எழுப்பிவிட்டு ஆளை எதிர்நோக்கி நிற்கும் கடைத்தொகுதிகள் மிகுந்துள்ளன. நிதியமைச்சைச் சேர்ந்த மதிப்பீட்டு, சொத்துச் சேவைத் துறையின் கணக்குப்படி, 2021 முதல் 2023 வரையிலான ஆண்டுகளில் நாடெங்கும் உள்ள வணிக வளாகங்களில் வாடகைக்குப் போயிருந்த இடம் முக்கால் பங்கை ஒட்டியே இருந்தது. நான்கு கடைக்கு ஒரு கடை பூட்டிக் கிடந்தது என்பது இதன் பொருள்.

பூட்டிய கடை மலிவாகக் கிடைக்கும். ஆகவே, பணி ஓய்வு பெறும் ஆசிரியர், பணிக்கொடையும் சேமநிதியும் கைக்கு வந்த நேரத்தில், "பாதி காலியாக இருக்கும்போதே வாங்கிப் போடுங்கள், நிரம்பினால் விலை இருமடங்கு" என்னும் பேச்சைக் கேட்க நேர்கின்றது. அப்பேச்சில் உண்மை எவ்வளவு, மயக்கம் எவ்வளவு என்று பிரித்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காலியிடத்தின் காரணம்

பள்ளியில் ஒரு மாணவன் நாள்தோறும் வாராதிருந்தால் வருகைப் பதிவேட்டில் சுழியம் இடுவதோடு நாம் நின்றுவிடுவதில்லை. காய்ச்சலா, பேருந்து நின்றுவிட்டதா, குடும்பமே தோட்டத்தை விட்டுப் போய்விட்டதா என்று விசாரிக்கின்றோம். காய்ச்சல் என்றால் மாணவன் மீண்டும் வருவான். குடும்பம் பெயர்ந்துவிட்டது என்றால், வகுப்பறைக்கு வெள்ளை அடித்துப் பயன் இல்லை. பூட்டிய கடையையும் இவ்வாறே ஆராய்தல் வேண்டும். காரணங்களை மூவகையாகக் கொள்ளலாம்.

முதல்வகை, தற்காலிகமானது. பழைய வாடகைதாரர் போய்ப் புதியவர் வருவதற்கு முந்தைய இடைவெளி, கட்டடப் புதுப்பிப்பு ஆகியன இதிற் சேரும். 2020 மார்ச்சு 18-இல் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது மூடிய கடைகளுட் பல இவ்வகையைச் சேர்ந்தவை.

இரண்டாம் வகை, தாய்க்கடை போய்விட்டமை. ஒவ்வொரு தொகுதியிலும் ஆளை இழுக்கும் பெரிய கடை ஒன்று உண்டு. அது பல்பொருள் அங்காடியாகவோ துணிக்கடையாகவோ இருக்கும். அதனைத் தாய்க்கடை என்று வைத்துக்கொள்வோம். அரிசி வாங்க வந்தவர் போகிற போக்கில் முடி வெட்டிக்கொள்வார், மருந்து வாங்குவார், தேநீர் அருந்துவார். தாய்க்கடை போய்விட்டால் இச்சிறு கடைகள் ஓராண்டு, ஈராண்டிற்குள் ஒவ்வொன்றாக மூடும். புதிய பேரங்காடி அருகில் வருவதாலும் இது நேரும். கிள்ளான் புக்கிட் திங்கியில் 2007-இல் ஏயோன் போன்ற பெரிய வளாகம் திறந்தபோது, சுற்று வட்டாரத்துச் சிறு தொகுதிகள் தம் வாடிக்கையாளரைப் புதிதாகத் தேடிப் பெற வேண்டியதாயிற்று.

மூன்றாம் வகையே மிகக் கொடியது. அஃது உடைமை துண்டுபட்டுக் கிடத்தல்.

துண்டாடலின் கதை

துண்டாடல் என்னும் சொல் தோட்டத் தமிழர்க்குப் புதிதன்று. 1950-ஆம் ஆண்டுகளில் ஐரோப்பியக் கம்பெனிகள் பல தம் இரப்பர்த் தோட்டங்களை விற்றன. வாங்கியவர் அவற்றைச் சிறுசிறு துண்டாக்கி மறுபடியும் விற்றனர். முழுத் தோட்டமாக இருந்தவரை ஆலை, சாலை, குடிநீர், மருந்தகம், பள்ளி யாவும் ஒரே நிர்வாகத்தின் பொறுப்பில் இருந்தன. துண்டான பின் ஒவ்வொரு துண்டிற்கும் உடைமையாளர் இருந்தார். முழுமைக்குப் பொறுப்பாளர் இல்லை. உங்கு அசீஸ் 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த இத்துண்டாடலை ஆராய்ந்து அறிக்கை எழுதினார்.

கடைத்தொகுதியிலும் இதுவே நிகழ்கின்றது. கட்டியவர் தம் முதலை விரைவில் மீட்டுக்கொள்ள, உள்ளிருக்கும் கடைகளைத் தனித்தனியே ஸ்திராட்டா பட்டாவில் பல பேருக்கு விற்றுவிடுகின்றார். ஒருவர் மலிவு வாடகைக்குக் கைப்பேசிக் கடைக்கு விடுவார். அடுத்தவர் விலை ஏறட்டும் என்று பூட்டி வைப்பார். மூன்றாமவர் எங்கிருக்கிறார் என்பதே தெரியாது. பெரிய தாய்க்கடை ஒன்று வர விரும்பினாலும், அதற்கு வேண்டிய இருபது கடையளவு இடத்தைச் சேர்த்துக் கொடுக்க இருபது கையொப்பம் வேண்டும்.

தெருக்கடைக்கும் தொகுதிக் கடைக்கும் உள்ள வேறுபாட்டை ஈண்டு நினைவிற் கொள்க. பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலோ கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலோ உள்ள கடைவீட்டின் முன்னுள்ள சாலையையும் விளக்கையும் பேணுவது நகர மன்றம். பக்கத்துக் கடை பூட்டியிருந்தாலும் சாலை விளக்கு எரியும். தொகுதியின் உள்ளே நடைவழி, மின்படி, குளிர்சாதனம், காவல், கழிப்பறை ஆகிய எல்லாவற்றையும் உடைமையாளர்களே சேர்ந்து பேண வேண்டும். 2013-ஆம் ஆண்டின் ஸ்திராட்டா நிர்வாகச் சட்டப்படி, கடை திறந்திருந்தாலும் பூட்டியிருந்தாலும் பராமரிப்புக் கட்டணம் செலுத்தியே ஆக வேண்டும். அக்கட்டணத்தில் பத்து விழுக்காட்டுக்குச் சமமான தொகையைச் சேமிப்பு நிதிக்குத் தனியாகக் கட்ட வேண்டும். நிலுவைக்கு ஆண்டுக்குப் பத்து விழுக்காடு வரை வட்டியும் உண்டு.

சிலர் கட்டத் தவறுவர். பணம் குறையவே மின்படி நிற்கும். மின்படி நின்றால் மேல்மாடிக்கு ஆள் வாரார். ஆள் வாராமையால் இன்னும் சில கடைகள் மூடும். அவற்றின் உடைமையாளரும் கட்டணத்தை நிறுத்துவர். இச்சுழலில் ஒரு கடைக்கு மட்டும் உரியவர், தம் கடையை எவ்வளவு அழகாக வைத்திருந்தாலும் தொகுதியை மீட்க இயலாது. விலகிக்கொள்ளவும் எளிதில் இயலாது. ஸ்திராட்டா உரிமை முழுவதையும் கலைத்துவிட வேண்டுமானால், உடைமையாளர்களின் ஒருமித்த தீர்மானம் வேண்டும் என்பது 1985-ஆம் ஆண்டின் ஸ்திராட்டா பட்டாச் சட்டம்.

எம்முடன் ஆசிரியர் பயிற்சி பெற்ற நண்பர் ஒருவர் இத்தகைய கடையொன்றை வாங்கினார். வாடகையாக அவர் பெற்ற தொகையைவிடக் கட்டணமாகச் செலுத்திய தொகை மிகுதி. "கடையை நான் வாங்கவில்லை, கடைதான் என் ஓய்வூதியத்தை வாங்குகிறது" என்று அவர் சொன்னதை மறக்க இயலவில்லை.

மூன்று எடுத்துக்காட்டுகள்

துண்டுரிமை எல்லா இடத்திலும் கெடும் என்று சொல்வதற்கில்லை. கோலாலம்பூரின் முதற் பேரங்காடித் தொகுதியாகிய அம்பாங் பார்க் 1973-இல் திறக்கப்பட்டது. தனித்தனி உடைமையாளர் பலர் இருந்தும் அது 44 ஆண்டுகள் நடந்தது. சுற்றிலும் அலுவலகங்கள், வாசலருகே இரயில் நிலையம். நாளங்காடிக்கு இருந்த இடச்சிறப்பு அதற்கும் இருந்தது. இறுதியில் எம்.ஆர்.டி. நிலத்தடி இரயில் பாதைக்காக அரசு அவ்விடத்தைக் கையகப்படுத்தியது. உடைமையாளர் சிலர் நீதிமன்றம் சென்றும் பயனின்றி, 2017 திசம்பர் 31-இல் அது மூடப்பட்டது.

புக்கிட் பிந்தாங்கில் 1977-இல் திறக்கப்பட்ட சுங்கை வாங் பிளாசா இரண்டாம் எடுத்துக்காட்டு. அதன் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு 2010-இல் பங்குச் சந்தைக்கு வந்த ஒரு சொத்து முதலீட்டு நிதியத்திடம் உள்ளது. எஞ்சிய பகுதி பலரிடம் சிதறியுள்ளது. பெரும்பங்கு உடையவரும் தம் பகுதியை மட்டுமே புதுப்பிக்க முடிகின்றது.

மூன்றாவது, சுபாங் ஜெயாவில் 1988-இல் திறக்கப்பட்ட சுபாங் பரேட். இது 2006-இல் ஹெக்டார் என்னும் முதலீட்டு நிதியத்தின் உடைமையாகப் பங்குச் சந்தைக்கு வந்தது. ஒரே உடைமை ஆதலின், எந்தக் கடை எங்கே இருக்க வேண்டும், எதற்கு வாடகை குறைக்க வேண்டும் என்பதை ஒரே நிர்வாகம் முடிவு செய்யலாம். தாய்க்கடைக்குக் குறைந்த வாடகை கொடுத்து, அது இழுக்கும் கூட்டத்தால் சிறு கடைகளில் ஈடு செய்துகொள்ளலாம். இவ்வுரிமை துண்டு உடைமையாளர் எவர்க்கும் இல்லை.

விலையைக் கணக்கிடும் முறை

முழுத் தொகுதியே விலைக்கு வருகின்றது என்று கொள்வோம். கீழ்வருவது விளக்கத்திற்காக நாம் அமைத்த கணக்கு.

தொகுதியில் 20 கடைகள். 12 கடைகளுக்கு வாடகைதாரர் உள்ளனர். கடை ஒன்றுக்கு மாதம் 2,500 வெள்ளி. ஆண்டு வாடகை 360,000 வெள்ளி. காவல், துப்புரவு, காப்புறுதி, மதிப்பீட்டு வரி, நிலவரி, பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு 120,000 வெள்ளி செலவு. நிகர வருவாய் 240,000 வெள்ளி. போட்ட முதலுக்கு 8 விழுக்காடு வருவாய் வேண்டும் எனில் இத்தொகுதியின் இன்றைய மதிப்பு 30 இலட்சம் வெள்ளி.

விற்பவர் வேறு கணக்குக் காட்டுவார். இருபது கடையும் நிரம்பினால் வாடகை 600,000, செலவு 150,000, நிகரம் 450,000, ஆகவே மதிப்பு 56 இலட்சத்துக்கு மேல், உங்களுக்காக 45 இலட்சத்துக்குத் தருகிறேன் என்பார். கேட்கும்போது 11 இலட்சம் இலாபம் போலத் தோன்றும். உண்மையில், வாராத எட்டு வாடகைதாரருக்காக 15 இலட்சம் வெள்ளியை முன்னதாகவே அவர் கேட்கின்றார்.

வங்கிக் கடனைச் சேர்த்துப் பார்த்தால் இது தெளிவாகும். 45 இலட்சத்தில் எழுபது விழுக்காட்டை, அதாவது 31 இலட்சத்து 50 ஆயிரத்தை, 5 விழுக்காட்டு வட்டிக்கு 20 ஆண்டுத் தவணையில் பெற்றால், ஆண்டுக்குக் கட்ட வேண்டியது ஏறக்குறைய 249,000 வெள்ளி. தொகுதி தருவதோ 240,000 வெள்ளி. முதல் நாள் தொட்டே கைப்பணம் போட வேண்டும். 30 இலட்சத்துக்கு வாங்கியிருந்தால் ஆண்டுத் தவணை ஏறக்குறைய 166,000. எஞ்சுவது 74,000 வெள்ளி. எட்டுக் கடையை நிரப்புவதற்கான விளம்பரம், தரகு, முதற்சில மாத இலவச வாடகை, உள்வேலை ஆகியவற்றை அதிலிருந்து செய்யலாம். நிரப்பும் உழைப்பு வாங்குபவருடையது. அதன் ஊதியமும் அவர்க்கே உரியது. எனவே இன்றைய வருவாய்க்கு மட்டும் விலை கொடுக்க வேண்டும் என்பது இதன்கண் அடிப்படை விதி.

வாங்குமுன் கேட்க வேண்டியன

நில அலுவலகத்தில் பட்டாவைத் தேடிப் பார்த்தால் உடைமையும் அடைமானமும் தெரியும். ஆயின் வாடகை நிலை முழுமையாகத் தெரியாது. மூன்றாண்டுக்கு மேற்படாத வாடகை ஒப்பந்தத்தைப் பதிய வேண்டும் என்னும் கட்டாயம் நில விதித்தொகுப்பில் இல்லை. ஆகவே ஒவ்வோர் ஒப்பந்தத்தின் படியையும், பன்னிரண்டு மாத வாடகைப் பற்றுச்சீட்டுகளையும் கேட்டு வாங்குக. விற்பவரின் உறவினரே சில மாதத்திற்கு வாடகைதாரராகத் தோன்றுவதும் உண்டு.

ஸ்திராட்டா கடை எனில், நிர்வாகக் கழகத்தின் கணக்கறிக்கையையும் நிலுவைப் பட்டியலையும் பார்க்க வேண்டும். சேமிப்பு நிதியில் பணம் இல்லாத கட்டடம், மழைக்குமுன் கூரை வேயாத வீடு.

பிறகு நேரில் சென்று நிற்க வேண்டும். காலை, மாலை, சம்பள வாரம், மாதக் கடைசி, பண்டிகைக்கு முந்தைய ஞாயிறு என ஐந்து வேளையிலேனும் வாசலில் நின்று, பையோடு வெளியே வருவோரை எண்ணிப் பார்க்க வேண்டும். விலைத்தாள் சொல்லாததை அவ்வெண்ணிக்கை சொல்லும். விற்கும் நாளையும் நினைவிற் கொள்க: 2022 முதல் குடிமக்கள் ஐந்தாண்டு கழித்து விற்றால் நிலச்சொத்து ஆதாயவரி இல்லை, மூன்றாண்டுக்குள் விற்றால் ஆதாயத்தில் 30 விழுக்காடு வரி.

தனியொருவர்க்கு என்ன வழி?

முப்பது இலட்சம் வெள்ளிக்கு ஆசிரியர் எங்கே போவார் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அதற்கு விடையும் நம் வரலாற்றிலேயே உள்ளது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, துன் வீ. தி. சம்பந்தன் தொழிலாளரிடம் ஆளுக்கொரு துண்டு வாங்குங்கள் என்று சொல்லவில்லை. மாதம் பத்து வெள்ளி சேமித்து, முழுத் தோட்டமாகவே வாங்குவோம் என்றார். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் அவ்வாறு பிறந்தது. கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் அதன் முதற் கொள்முதல். பால்வெட்டுத் தொழிலாளியின் பத்து வெள்ளி, தனியே நின்றால் ஒரு மரத்தின் நிழலைக்கூட வாங்கியிராது.

நம்மிடம் ஆசிரியர் கூட்டுறவுகள் உள்ளன, சங்கங்கள் உள்ளன. அவை கணக்காயரையும் மதிப்பீட்டாளரையும் வைத்து ஆராய்ந்து, முழுத் தொகுதியை இன்றைய வருவாயின் விலைக்கு வாங்கக்கூடுமானால் வாங்கட்டும். அத்தகைய கூட்டு அமையாதவர், பங்குச் சந்தையில் உள்ள சொத்து முதலீட்டு நிதியங்களின் அலகுகளைச் சிறு தொகைக்கு வாங்கலாம். அவற்றின் விலையும் இறங்கும். ஆனால் பழுதான மின்படிக்காக எவரும் வீட்டுக்கு விலைப்பட்டியல் அனுப்பமாட்டார். இவ்விரண்டும் வேண்டாதவர்க்குச் சேமநிதியிலேயே பணத்தை விட்டுவைப்பதும் ஒரு முதலீடே.

காலிக்கடை மலிவாக இருப்பது உண்மை. அதை நிரப்ப வல்லவர்க்கே அம்மலிவு பயன்படும். நிரப்ப வேண்டுமாயின் முழுமை கையில் இருக்க வேண்டும். அடுத்த முறை யாரேனும் ஒரு பூட்டிய கடையின் சாவியை நம்முன் நீட்டினால், பக்கத்துக் கடைகளின் சாவிகள் யார் யாரிடம் உள்ளன என்று முதலிற் கேட்போமாக.