உச்சிவெயிலில் புவியியல்

திண்டுக்கல் நகரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10 பாகைக்குச் சற்று மேலாகவும், கிழக்கே 78ஆம் தீர்க்கக்கோட்டை ஏறத்தாழத் தொட்டுக்கொண்டும் அமைந்திருக்கிறது என்பதை ஆறாம் வகுப்பு மாணவர் ஒரே மூச்சில் மனப்பாடம் செய்துவிட முடியும். ஆனால் அந்த எண்கள் எப்படிக் கிடைத்தன என்று அவர் கேட்டால், புவி மாதிரியின் மேல் அச்சிட்டுள்ள கோடுகளைக் காட்டுவதற்கு மேல் பெரும்பாலான வகுப்பறைகளில் விடை இருப்பதில்லை. உலகப் புவியியல் குழந்தைகளுக்குப் பெயர்களின் பட்டியலாகச் சுருங்கிப்போவது இந்த இடத்தில்தான். திண்டுக்கல் சமவெளியில் அதற்கு மாற்று தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஒரு மீட்டர் நீளக் குச்சியும் நல்ல வெயிலும் போதும்.

பள்ளித் திடலில் அக்குச்சியைத் தூக்குநூல் வைத்துச் செங்குத்தாக நட்டு, முற்பகல் 11.45 மணி தொடங்கி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தால், நிழல் குறுகிக் குறுகிப் பின்னர் மீண்டும் நீளத் தொடங்குவதை மாணவர்கள் காண்பார்கள். மிகக் குறுகிய நிழல் விழும் திசையே அந்த ஊரின் வடக்கு-தெற்குக் கோடு. அந்தக் கணம் கடிகாரத்தில் 12 மணிக்கு வராமல் ஏப்ரல் நடுவில் 12.18 அளவில் வருவதற்குக் காரணம், இந்தியாவின் பொது நேரம் 82½ பாகைத் தீர்க்கக்கோட்டைக் கொண்டு கணக்கிடப்படுவதும், அதற்கு நான்கரைப் பாகை மேற்கே உள்ள திண்டுக்கல்லுக்குச் சூரியன் பாகைக்கு நான்கு நிமிட வீதம் பிந்தி வருவதும் ஆகும். இரவும் பகலும் சமமாக இருக்கும் மார்ச் 21ஐயோ செப்டம்பர் 23ஐயோ ஒட்டி இதைச் செய்தால் நண்பகல் நிழல் 18 செ.மீ. அளவில் இருக்கும், குச்சியையும் நிழலையும் தாளில் அளவு குறைத்து வரைந்து பாகைமானி வைத்துப் பார்க்கும் குழந்தை, குச்சியின் உச்சியில் ஏறத்தாழ 10 பாகைக் கோணத்தைக் காணும். அதுவே ஊரின் அட்சம். ஒரு பாகைக்கு 111 கி.மீ. என்று பெருக்கினால், நிலநடுக்கோடு தெற்கே ஏறத்தாழ 1,150 கி.மீ. தொலைவில் இருப்பதும் தெரிந்துவிடும்.

இதைவிடச் சுவையான நாள்கள் ஆண்டுக்கு இரண்டு உண்டு. ஏப்ரல் 17ஐயும் ஆகஸ்ட் 26ஐயும் ஒட்டிச் சூரியன் திண்டுக்கல்லின் உச்சிக்கு நேராக வருவதால் நண்பகலில் குச்சிக்கு நிழலே இருக்காது. இவற்றுக்கு இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும். நிழலில்லாத அதே நாளின் நண்பகலில் சென்னைப் பள்ளி ஒன்றில் நடப்பட்ட ஒரு மீட்டர் குச்சி 5 செ.மீ.க்குச் சற்றுக் குறைந்த நிழலைத் தரும். அதன் கோணம் 2.7 பாகை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எரடோஸ்தனிஸ் எகிப்தின் சையீன், அலெக்சாந்திரியா நகரங்களைக் கொண்டு பூமியின் சுற்றளவைக் கணித்த அதே முறையை இரு பள்ளிகளும் தொலைபேசியில் எண்களைப் பகிர்ந்து செய்து பார்க்கலாம். 360 பாகையில் 2.7 பாகை எத்தனை முறை அடங்குகிறதோ, இரு ஊர்களின் தூரத்தை அத்தனை மடங்காகப் பெருக்கினால் கிடைப்பது சுற்றளவு. இங்கே மாணவர்கள் வழுக்கி விழும் இடம் தூரம்தான். பேருந்து செல்லும் 420 கி.மீ. அளவிலான சாலைத் தூரத்தை வைத்துப் பெருக்கினால் பூமியின் சுற்றளவு 56,000 கி.மீ. என்று வீங்கிவிடும், வரைபடத்தில் வடக்கு-தெற்காக மட்டும் அளந்த 300 கி.மீ. தூரத்தை வைத்தால் 40,000 கி.மீ. கிடைக்கும். நிழலின் நுனி எப்போதும் சற்று மங்கலாகவே விழுவதால் அரை சென்டிமீட்டர் பிழை வருவது இயல்பு, அதனால் விடை பத்தில் ஒரு பங்கு தவறுவதும் இயல்பு. இத்தவறுகளை ஆசிரியர் திருத்திக் கொடுத்துவிட்டால் பாடத்தின் பாதி போய்விடும்.

1802இல் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து வில்லியம் லாம்டன் தொடங்கிய பெரும் நில அளவைப் பணி, பின்னர் இந்தியாவின் நெடுக 78ஆம் தீர்க்கக்கோட்டை ஒட்டியே சென்றது என்பதையும் இந்தப் பாடத்தோடு சேர்த்துச் சொன்னால், அந்தக் கோடு தங்கள் ஊர் வழியாகப் போவது மாணவர்களுக்கு வேறுவிதமாகப் படும்.

கண்டங்களைப் படிக்க, இதே மாவட்டத்திலுள்ள ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை உதவும். வகுப்பறைத் தரையில் கட்டம் போட்டுச் சாக்பீஸால் உலக வரைபடத்தைப் பெரிதாக வரைந்து, சந்தைக்கு வரும் காய்களை அவற்றின் தாயகமான நிலங்களின் மேல் வைக்கச் சொல்ல வேண்டும். தக்காளியும் உருளைக்கிழங்கும் தென் அமெரிக்காவுக்கும், மிளகாயும் சௌசௌவும் மெக்சிகோவை ஒட்டியும், முட்டைக்கோஸ் ஐரோப்பாவுக்கும், சிறுமலைக் காப்பி எத்தியோப்பியாவுக்கும் போய்விட, இந்தியாவின் மேல் கத்தரியும் முருங்கையும் மிஞ்சும். மிளகாய் இல்லாத காலத்தில் குழம்புக்குக் காரம் எது என்று யாரேனும் கேட்பார்கள். மிளகு என்ற விடை, அதைத் தேடிக் கடல் கடந்து வந்த கப்பல்களின் கதைக்குத் தானாகவே இட்டுச்செல்லும். சாத்துக்குடித் தோலைக் கிழியாமல் தட்டையாக்க முயலும் குழந்தைக்கு, உருண்டையைத் தாளில் விரிக்கும் எந்த வரைபடமும் எதையேனும் இழுத்துத்தான் ஆக வேண்டும் என்பது கைப்பட விளங்கும்; ஆப்பிரிக்காவில் பதினான்கில் ஒரு பங்கே உள்ள கிரீன்லாந்து, 1569இல் மெர்கேட்டர் வகுத்த வரைபடத்தில் அதற்கு நிகராகத் தெரிவதன் காரணமும் அதுவே.

செயல்பாடு என்ற பெயரில் இப்போது பரவலாக நடப்பது வேறு. கடையில் வாங்கிய தெர்மோகோலில் பெற்றோர் செய்து கொடுக்கும் எரிமலை வகுப்பறை அலமாரியில் தூசி படிவதோடு சரி, அதில் பிள்ளை கண்டறிய எதுவும் இல்லை. இத்தனைக்கும் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007இலிருந்து தமிழகம் முழுதும் தொடக்க வகுப்புகளுக்குப் பரவிய செயல்வழிக் கற்றல் முறை, பாட அட்டைகளும் கற்றல் படிநிலைகளைக் காட்டும் ஏணிப்படியும் பிள்ளைகளின் படைப்புகளைத் தொங்கவிடும் கம்பிப் பந்தலுமாகக் குழந்தைகளைத் தரையில் குழுவாக அமர்த்தியது. கைத்தொழிலையும் படிப்பையும் இணைக்கும் காந்தியின் ஆதாரக் கல்விக் கருத்தோ அதற்கும் முந்தியது. திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமம் 1947இலேயே அந்த மரபில் தொடங்கப்பட்டது. ஆகவே செய்து கற்கும் முறை இம்மாவட்டத்துக்குப் புதிதன்று. குறைவாக இருப்பது திடலுக்குப் போகும் பழக்கம்.

நிழலில்லா நாள்களில் ஏப்ரல் நாள் ஆண்டுத் தேர்வின் பரபரப்பிலோ கோடை விடுமுறையிலோ சிக்கிக்கொள்வதால், பள்ளிகளுக்கு வசதியானது ஆகஸ்ட் நாளே. அப்போது தென்மேற்குப் பருவமழைக் காலம் என்றாலும், மேகங்கள் பழனி மலைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் அப்பால் தம் மழையின் பெரும்பங்கைக் கொட்டிவிடுகின்றன. மலை மறைத்து மழை குறையும் இத்தகைய நிலத்தை மழை மறைவுப் பகுதி என்பார்கள்; திண்டுக்கல்லின் பெருமழை அக்டோபர் தொடங்கியே வருகிறது. ஆகவே கேரளக் கரையில் உள்ள பள்ளியைவிடத் திண்டுக்கல் பள்ளிக்கு அன்று நண்பகல் 12.20 அளவில் வெயில் கிடைக்கும் வாய்ப்பு கூடுதல். மதிய உணவு மணியை மட்டும் கொஞ்சம் தள்ளி அடிக்க வேண்டியிருக்கலாம்.