உஷார்! கடுகோடு கலக்கும் பிரம்மதண்டு விதை

மளிகைக் கடையில் கடுகை உதிரியாக வாங்குகிறவர்கள், செக்கில் கொடுத்துக் கடுகு எண்ணெய் ஆட்டுகிறவர்கள், கடுகு பயிரிடுகிறவர்கள் எல்லோரும் இதைக் கட்டாயம் படியுங்கள். பிரம்மதண்டு என்கிற முள்செடியின் விதை கடுகோடு கலந்துவிட்டால் சட்டென்று கண்ணில் படாது. அந்த விதையின் எண்ணெய் உணவில் சேர்ந்தால் கால் வீங்கும், மூச்சு முட்டும், இதயம் தளரும். உயிரே போகலாம்.

போயிருக்கிறது. இந்த நோய் 1877-இல் கல்கத்தாவில் பதிவானது. 1998-இல் டெல்லியில் கலப்படக் கடுகு எண்ணெயைச் சாப்பிட்டு 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; ஏறத்தாழ 3,000 பேர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். ஒரே எண்ணெயில் சமைத்ததைச் சாப்பிடுவதால் குடும்பமே ஒன்றாகப் படுத்துவிடும்.

காரணம், பிரம்மதண்டு எண்ணெயில் உள்ள சாங்குவினரின் என்ற நஞ்சு. இது நுண்ணிய ரத்தக் குழாய்களை விரியச் செய்து, அவற்றிலிருந்து நீரைக் கசிய வைக்கிறது. கடுகு எண்ணெயில் நூற்றில் ஒரு பங்கு கலந்தாலே நோய் வரலாம். அடுப்புச் சூட்டில் நஞ்சு போய்விடும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

எப்படிக் கலக்கிறது?

வட மாநிலங்களில் கடுகு வயல்களிலேயே பிரம்மதண்டு களையாக முளைக்கிறது. கடுகு அறுவடைக்கு வரும் பருவத்தில்தான் இதுவும் முற்றுகிறது. அறுவடையில் தெரியாமல் சேர்வது ஒரு வழி. காசு கொடுக்காமல் கிடைக்கும் விதை என்பதால் தெரிந்தே கலப்பது இன்னொரு வழி.

செடியில் அடையாளம்

கடுகு, நாய்க்கடுகு, பிரம்மதண்டு மூன்றுக்கும் மஞ்சள் பூதான். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

கடுகு: நான்கு சிறிய இதழ்கள், சிலுவை வடிவில். செடியில் முள் கிடையாது. காய் மெலிந்து நீண்டு, நுனியில் அலகு மாதிரி கூராக முடியும்.

நாய்க்கடுகு: நாய்வேளை என்றும் சொல்வார்கள். இதற்கும் நான்கு மஞ்சள் இதழ்கள், நீண்ட காய். ஆனால் தொட்டால் பிசுபிசுக்கும், கசக்கினால் வாடை வீசும். ஒரு காம்பில் மூன்று முதல் ஐந்து சிற்றிலைகள் விரல்களாக விரிந்திருக்கும். இது கடுகுக் குடும்பத்துக்கு நெருங்கிய உறவு.

பிரம்மதண்டு: குடியோட்டிப் பூண்டு என்பதும் இதுதான். மெக்ஸிகோவிலிருந்து வந்து நம் சாலையோரங்களிலும் தரிசுகளிலும் பரவிய செடி. இலை முழுக்க முள், நரம்பை ஒட்டி வெண்பட்டை. பூ பெரியது, பெரும்பாலும் ஆறு இதழ்கள். தண்டை ஒடித்தால் மஞ்சள் பால் வடியும். காய் முட்டை வடிவில், முள்ளோடு இருக்கும். இது கடுகுக்கு எந்த வகையிலும் உறவு இல்லை, கசகசா குடும்பம். விதை மட்டும்தான் கடுகு வேடம் போடுகிறது.

விதையில் அடையாளம்

ஒரு பிடி கடுகை வெள்ளைத் தாளில் பரப்பி, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கடுகு வழவழப்பாக, உருண்டையாக இருக்கும். பிரம்மதண்டு விதை கறுத்து, சொரசொரப்பாக இருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்தால் மேலே வலைப்பின்னல் தெரியும். நாய்க்கடுகு விதை சுருக்கங்களோடு வளைந்திருக்கும். சந்தேகம் வந்தால் ஒன்றை நசுக்குங்கள். கடுகின் உள்ளே மஞ்சள். பிரம்மதண்டின் உள்ளே வெள்ளை.

தாளிக்கும் கடுகில் ஓரிரு விதையைக் கண்டால் பதறாதீர்கள். பொறுக்கி எறிந்து, அந்தக் கடுகு முழுவதையும் சோதியுங்கள். இந்த நோய் பெரும்பாலும் எண்ணெய் வழியாகவே வந்திருக்கிறது. ஆகவே செக்குக்குக் கொண்டுபோகும் கடுகைச் சோதிக்காமல் கொட்டவே கொட்டாதீர்கள். எண்ணெயாகிவிட்ட பிறகு கண்ணாலும் நாக்காலும் கண்டுபிடிக்க முடியாது. ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். அளந்து ஊற்றும் கடுகு எண்ணெயை வாங்காதீர்கள். முத்திரை உடையாத, உரிம எண் அச்சிட்ட பொட்டலத்தையே கேளுங்கள். பச்சிளங்குழந்தைக்குத் தேய்க்கும் எண்ணெய்க்கும் இதே கண்டிப்பு வேண்டும்.

வயலில் பிரம்மதண்டைப் பார்த்தால் காய் வெடிக்கும் முன்பே கையுறை போட்டுப் பிடுங்கிவிடுங்கள். ஒரு காய் வெடித்தால் நூற்றுக்கணக்கில் விதை சிதறும். மூலிகை என்று சொல்லி இதன் விதையையோ எண்ணெயையோ யார் கொடுத்தாலும் உள்ளுக்குச் சாப்பிடாதீர்கள்.

இந்த அறிகுறிகளை அலட்சியப்படுத்தாதீர்கள்

இரண்டு கால்களும் ஒன்றாக வீங்குவது, வீங்கிய இடம் சிவந்து வலிப்பது, வயிற்றுப்போக்கு, மூச்சுத்திணறல், பார்வை மங்குவது. கண்ணின் அழுத்தம் கூடிப் பார்வையே பறிபோகலாம். வீட்டில் இரண்டு மூன்று பேருக்குச் சேர்ந்து இப்படி வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய், என்ன எண்ணெய் சாப்பிட்டீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். இதற்கு முறிமருந்து கிடையாது. அந்த எண்ணெயை உடனே நிறுத்துவதுதான் முதல் சிகிச்சை.

நிறுத்தினால் போதும், கொட்டிவிடாதீர்கள். மீதியை மூடி வைத்து, மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் ஒப்படையுங்கள். அதே கடையில் அதே எண்ணெயை வாங்கிய மற்ற வீடுகளையும் காப்பாற்ற அந்த மீதி வேண்டும்.