கறையானும் காட்டோரக் குடியிருப்பும்

ஆனி பிறந்து முதல் மழை பெய்து ஓய்ந்த மாலையில் விளக்கைச் சுற்றி ஈசல் மொய்ப்பதைக் காணாத தமிழர் இலர். ஊரில் அதைப் பிடித்து வறுத்துப் பொரியோடு கலந்து தின்ற நினைவும் நம்மிற் பலருக்கு உண்டு. நாம் பிழைப்பின் பொருட்டு வந்து தங்கியிருக்கும் இச் சிங்பூம் சீமையிலும் அதே ஈசல்தான் பறக்கிறது. ஆயின் ஒரு வேற்றுமை உண்டு. ஊரில் வயல்வரப்பிலுள்ள புற்றிலிருந்து எழுந்த ஈசல், இங்கே சிற்சில வீடுகளில் குளியலறைச் சுவரின் வெடிப்பிலிருந்தே எழுகிறது. அவ்விதம் எழுமாயின் அதை வேடிக்கை பார்த்து நிற்பது தகாது. ஈசல் என்பது சிறகு முளைத்த கறையானேயன்றி வேறன்று. வீட்டினுள்ளிருந்து ஈசல் புறப்பட்டால், சில ஆண்டுகளாகவே வீட்டின் அடியிலோ அருகிலோ கறையான் கூட்டம் ஒன்று செழித்து வளர்ந்து வருகிறது என்பதே அதன் பொருள்.

சக்கரதர்ப்பூரிலும், மனோகர்ப்பூரிலும், கிரிபுருவிலும், எல்லை தாண்டி ரூர்கேலாவிலும், டால்மா மலையை நோக்கிய ஜம்ஷெட்பூரின் ஓரங்களிலும் வாழும் நம் குடும்பங்களுக்குக் கறையான் ஒரு தீராத அண்டை வீட்டுக்காரன். காரணம் தெளிவானது. சால் எனப்படும் குங்கிலிய மரங்கள் அடர்ந்த சாரண்டா காடு நமக்கு மிக அருகில் இருக்கிறது. முன்னாளில் ரயில் பாதைக்குச் சிலிப்பர் கட்டைகளை ஈந்த காடு அது. விழுந்த மரத்தையும் உதிர்ந்த சருகையும் தின்று மண்ணாக்கும் வேலையை அங்கே கறையான் செய்து வருகிறது. அவ்வேலை நடவாவிடின் காடு தன் குப்பையிலேயே மூச்சடைத்துப் போகும். ஆகவே காட்டுக்குக் கறையான் பகையன்று. காட்டை வெட்டித் திருத்தி நாம் வீடு கட்டும்போது மரம் போய்விடுகிறது. மண்ணுக்குள் கறையானும், அது தின்னும் வேரும், அடிக்கட்டையும் எஞ்சி நிற்கின்றன. அவை தீர்ந்ததும் அடுத்த இரை நம் வீட்டு நிலைச்சட்டமே.

பகையை வெல்ல வேண்டுமாயின் முதலில் அதன் இயல்பை அறிய வேண்டும். வீடுகளைக் கெடுக்கும் கறையானில் இரு வகையுண்டு. ஒன்று உலர்ந்த மரத்துக்குள்ளேயே குடியிருந்து, கசகசா போன்ற எச்சத்தை வெளியே உதிர்ப்பது. மற்றொன்று மண்ணுக்குள் குடியிருந்து, இரை தேடி வீட்டுக்குள் ஏறுவது. காட்டோரத்தில் நமக்குப் பெருந்தொல்லை தருவது இந்த இரண்டாவது வகையே. அதன் கூட்டத்தில் முட்டையிடும் ராணியும், ராஜாவும், காவல் புரியும் சிப்பாய்களும், உழைக்கும் வேலைக்காரர்களும் உண்டு. நம் மரத்தை அரிப்பவை வேலைக்காரக் கறையான்களே. அவற்றின் உடல் மிக மென்மையானது. வெயிலும் காற்றும் பட்டால் உலர்ந்து மடியும். ஆகவேதான் அவை திறந்த வெளியில் நடப்பதில்லை. மண்ணையும் எச்சிலையும் குழைத்து, பென்சில் பருமனுள்ள மண்குழாய் ஒன்றைச் சுவரின்மீது கட்டிக்கொண்டு அதனுள்ளேயே போய் வருகின்றன. மண்ணின் ஈரமின்றி அவற்றுக்கு வாழ்வில்லை.

இவற்றுள் சில இனங்கள் தாம் தின்றதைக் கொண்டு புற்றினுள் பூஞ்சணத் தோட்டம் போடுகின்றன. மழைக்காலத்தில் புற்றுமேட்டில் முளைத்து இவ்வட்டாரச் சந்தைகளில் விலைபோகும் காளான்களிற் சில அத்தோட்டத்தின் விளைவுகளே.

இவ்வியல்பிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்றே. கறையானை உலகிலிருந்து ஒழிக்க நம்மால் இயலாது, ஒழிப்பது நன்றுமன்று. மண்ணுக்கும் மரத்துக்கும் இடையே அது போடும் பாலத்தை அறுத்து, அறுத்த இடத்தைக் கண்காணித்து வருவதே நம் கடமை. இனிச் சொல்லும் யாவும் இந்த ஒரு கருத்தின் விரிவே.

நாம் இழப்பது எதை?

சொந்த ஊரில் இருப்பவனுக்குக் கறையானால் கதவு போனால் கதவு மட்டுமே போகிறது. ஊர் விட்டு வந்தவனுக்கோ காகிதம் போகிறது. நாம் ஆண்டுக்கொரு முறை வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ ஊருக்குப் போகிறோம். ஆளரவமற்ற அந்த இருண்ட வீடு கறையானுக்கு நல்ல விருந்து.

நாம் அறிந்த குடும்பம் ஒன்று. பெயர் வேண்டா. மகளின் கல்யாணத்துக்காகச் சித்திரையில் வீட்டைப் பூட்டிச் சென்றவர்கள் நாற்பத்தைந்து நாள் கழித்துத் திரும்பினார்கள். கட்டிலின் அடியில், சுவரை ஒட்டித் தரையில் வைத்திருந்த இரும்பு டிரங்குப் பெட்டி பூட்டியது பூட்டியபடியே இருந்தது. திறந்தால் உள்ளே பாதிக்குமேல் மண். பெட்டியின் அடித்தகடு துருப்பிடித்து விரலளவு ஓட்டை விழுந்திருந்தது. தளத்தின் வெடிப்பிலிருந்து எழுந்த மண்குழாய் அவ்வோட்டைக்குள் நேராகப் புகுந்திருந்தது. தந்தையின் பள்ளி இறுதிச் சான்றிதழும், சாதிச் சான்றிதழும், ஊர் நிலத்துப் பத்திரத்தின் நகலும், பாட்டனார் கையெழுத்திட்டு வைத்திருந்த திருவாசகமும், அம்மையாரின் நூற்சேலைகளும் அடையாளமின்றிப் போயின. அவ்வாண்டு அவர் மகன் தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றில் சேரவேண்டியிருந்தது. தந்தையின் சான்றிதழைக் காட்டினாலன்றி மகனுக்குச் சான்றிதழ் கிடைப்பது எளிதாயில்லை. விடுமுறை தீர்ந்து வந்த மனிதர் மீண்டும் விடுமுறை கேட்டு, ரயிலேறி, தாலுகா அலுவலக வாயிலில் நாட்கணக்கில் நின்றார். திருவாசகத்துக்கு இரண்டாம் படி தர எந்த அலுவலகமும் இல்லை.

நம் முன்னோரும் இவ்விழப்பை அறிந்தவர்களே. தில்லையில் பூட்டிவைத்த அறையில் தேவார ஏடுகள் செல்லரித்துப் புற்று மூடிக் கிடந்தன என்றும், எஞ்சியவற்றையே இராசராச சோழன் காலத்தில் மீட்டனர் என்றும் மரபு கூறுகிறது. பூட்டிய அறை, பார்ப்பாரற்ற காலம், மண்ணைத் தொட்ட ஏடு ஆகிய மூன்றும் கூடினால் முடிவு அதுவே.

அடையாளங்கள்

கறையான் வந்திருப்பதைக் காட்டும் குறிகளை வீட்டிலுள்ள சிறுவரும் அறிந்திருத்தல் நலம். சுவரடியிலும், நிலைச்சட்டத்தின் மூலையிலும், குழாய் சுவருக்குள் நுழையும் இடத்திலும் மண்குழாய் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். நிலைச்சட்டத்தை விரல் மடக்கித் தட்டினால் வெற்றோசை எழுகிறதா, வண்ணப்பூச்சு காரணமின்றிக் கொப்பளித்திருக்கிறதா என்றும் நோக்க வேண்டும். சன்னலடியில் உதிர்ந்த இறகுகள் கிடந்தாலும் ஐயுற வேண்டும். இறகுள்ள எறும்பையும் ஈசலையும் பிரித்தறிவது எளிது. ஈசலின் நான்கு இறகுகளும் ஒரே நீளம். அதற்கு ஒடுங்கிய இடை இல்லை. எறும்புக்கு முன்னிறகு நீளம், பின்னிறகு குட்டை. இடையோ நூல்போல் ஒடுங்கியது.

மண்குழாயைக் கண்டவுடன் துடைப்பத்தால் பெருக்கித் தள்ளிவிட்டுக் காரியம் முடிந்தது என்று இருத்தல் கூடாது. நடுவில் இரண்டு அங்குலம் மட்டும் உடைத்துவிட்டு, சில நாட்கள் கவனிக்க வேண்டும். உடைந்த இடம் மீண்டும் கட்டப்பட்டால் கூட்டம் உயிரோடு நடமாடுகிறது என்று அறியலாம். மண்ணெண்ணெய் ஊற்றுவோரும் உண்டு. அது பட்ட கறையானைக் கொல்லுமேயன்றி மண்ணுக்குள் இருக்கும் கூட்டத்தை எட்டாது. வீட்டில் தீ அபாயத்தை மட்டும் வளர்க்கும். முற்றத்துப் புற்றை மண்வெட்டியால் வெட்டிச் சமன் செய்வதும் அத்தகையதே. ராணி ஆழத்தில் பத்திரமாயிருக்க, மேடு மீண்டும் எழும்.

செலவின்றிச் செய்யத்தக்கவை

குவார்ட்டர்ஸில் இருப்போர் சுவரை இடித்துக் கட்ட இயலாது. எனினும் காசு செலவின்றிச் செய்யத்தக்கவை பல. விறகையும், மூங்கிலையும், பழைய பலகையையும், அட்டைப் பெட்டியையும் வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்கக் கூடாது. தொலைவில், கற்களின்மீது தூக்கி அடுக்க வேண்டும். பூச்செடிக்காகவும் கீரைப் பாத்திக்காகவும் சுவரடியில் மண்ணைக் குவித்தால் அம்மண்ணின் மறைவிலேயே கறையான் ஏறும். வெளிச்சுவரின் அடியில் அரையடியாவது மண்ணின்றி வெளியே தெரிய வேண்டும். அப்போதுதான் ஏறும் குழாய் நம் கண்ணிற் படும். ஒழுகும் குழாயையும், சுவரடியில் தேங்கும் நீரையும் உடனே சீராக்க வேண்டும். பந்தற்காலையும் வேலிக்காலையும் வீட்டுச் சுவரைத் தொடும்படி நடலாகாது. தளமும் சுவரும் கூடும் இடத்திலுள்ள வெடிப்பைச் சிமெண்டால் அடைக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் இடுக்கு இருந்தாலும் அதற்குப் போதும். பராமரிப்புப் பிரிவுக்கு வாய்ச்சொல்லாகச் சொல்வதைவிட எழுத்தில் புகார் தந்து எண் பெற்று வைப்பது பயன் தரும்.

சொந்தமாகக் கட்டுவோருக்கு

ஓய்வு பெற்றபின் இங்கேயே நிலம் வாங்கி வீடு கட்டுவோர் நம்மில் உண்டு. அவர்கள் கடைக்கால் தோண்டும் நாளிலேயே இதைக் கருத வேண்டும். மனையிலுள்ள அடிக்கட்டையையும் வேரையும் தோண்டி எடுத்துவிட வேண்டும். முட்டுக்கொடுத்த பலகைத் துண்டுகளை மண்ணோடு மூடிவிடும் கொத்தனார்கள் உண்டு. அது கறையானுக்குக் கட்டுச்சோறு கட்டிக் கொடுப்பதாகும். நிலைச்சட்டத்தின் கால் மண்ணையோ ஈரத் தளத்தின் அடியையோ தொடலாகாது. சால் மரமும் தேக்கும் கறையானுக்கு அஞ்சா என்பது பாதி உண்மையே. வைரம் பாய்ந்த பகுதி நெடுநாள் தாங்கும். அதைச் சூழ்ந்த வெளிறு தாங்காது. மரக்கடையில் விலை மலிவென்று வெளிறு மிகுந்த சட்டத்தை வாங்குவோர் பின்னர் இருமுறை விலை கொடுக்கிறார்கள். மாவும் இலவும் நிலைக்கு ஆகா.

மருந்திடும் முறையை இந்தியத் தரநிலை 6313 என்னும் நெறி மூன்று பகுதிகளில் வகுத்துள்ளது: கட்டட அமைப்பால் தடுப்பது, கட்டும்போதே மண்ணுக்கு மருந்திடுவது, கட்டி முடித்த வீட்டுக்கு மருந்திடுவது. கட்டும்போது, தளம் போடுமுன் சமன் செய்த மண்ணில் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் கரைசல் தெளித்தல் முறை. கட்டிய வீட்டில் தளமும் சுவரும் கூடும் இடத்தில் சுமார் 300 மில்லிமீட்டருக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர் துளையிட்டு, துளைக்கு ஒரு லிட்டர் வரை மருந்து செலுத்தி, பின்னர் துளையை அடைத்துவிடுவார்கள். மருந்திட வருவோர் துளைகளை எட்ட எட்ட இட்டு, கரைசலை மேலாகத் தெளித்துவிட்டுப் போனால் காசு வீண். ஆகவே அருகில் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

மருந்து நஞ்சு என்பதை மறத்தல் கூடாது. 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ்ப் பதிவான மருந்தையே ஏற்க வேண்டும். டப்பாவின் முத்திரையைப் பார்த்து, மருந்தின் பெயரையும் அளவையும் ரசீதில் எழுதி வாங்க வேண்டும். முற்காலத்தில் பெயர்பெற்ற ஆல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாக்குளோர் ஆகியவை நம் நாட்டில் தடைசெய்யப்பட்டவை. எவரேனும் பழைய சரக்கென்று கொண்டுவந்தால் வாயிலிலேயே திருப்பி அனுப்புக. கிணறு அருகிலிருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மருந்திடும்போது குழந்தைகளும் உணவுப் பொருளும் வீட்டில் இருத்தல் ஆகாது.

ஊருக்குப் புறப்படுமுன்

இறுதியாக, பயணச் சீட்டு எடுக்கும் நாளில் செய்யவேண்டியவை சில. டிரங்குப் பெட்டிகளைத் தரையிலிருந்து தூக்கிக் கல்லின்மீதோ இரும்பு முக்காலியின்மீதோ, சுவரினின்று ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். பெட்டியின் அடித்தகட்டைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். சான்றிதழ்களையும் பத்திரங்களையும் மூடி இறுகிய எவர்சில்வர் டப்பாவில் இட்டு, உயரத்தில் வைப்பதோ உடன் எடுத்துச் செல்வதோ நன்று. அவற்றைப் படமெடுத்தும், இயன்றவற்றை அரசின் டிஜிலாக்கரில் சேர்த்தும் வைக்கலாம். புத்தக அலமாரியைச் சுவரை விட்டு நகர்த்தி வைக்க வேண்டும். ஊருக்குப் போகாத அண்டை வீட்டார் ஒருவரிடம் சாவி தந்து, பத்து நாளுக்கொரு முறை சன்னலைத் திறந்து சுவரடிகளைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அவர் ஊருக்குப் போகும்போது நாம் அவ்வுதவியைத் திருப்பிச் செய்வோம். நம் சங்கத்து அன்பர்கள் தெருவுக்குத் தெரு இவ்வாறு முறைவைத்துக் கொண்டால் மருந்துக்கு இடும் பணத்திற் பெரும்பகுதி மிஞ்சும்.

கறையான் இரவும் பகலும் ஓயாது உழைக்கிறது. நம்மிடம் அது கேட்பது இருளும், ஈரமும், நம் கவனக்குறைவும் மட்டுமே. முதல் இரண்டை நீக்கச் சிமெண்டும் காற்றும் வேண்டும். மூன்றாவதை நீக்க வேண்டுவது, ஞாயிற்றுக்கிழமைதோறும் விளக்கொன்றைக் கையில் பிடித்து வீட்டைச் சுற்றிவரும் கால்மணி நேரமே.