நாட்டுக்குப் பெயர் தந்தவர் சிறையில் மாண்டார்!
கானா நாட்டு வக்கீல் டாங்குவாவின் கதை

மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள நாடு கானா. கொக்கோவுக்கும் தங்கத்துக்கும் பேர் போனது. வெள்ளைக்காரர் ஆட்சியில் அதன் பெயர் "கோல்டு கோஸ்ட்". அதாவது, தங்கக் கரை.

அந்தப் பெயரை மாற்றி, "கானா" என்ற பழம்பெரும் ஆப்பிரிக்க ராஜ்யத்தின் பெயரைச் சூட்ட வேண்டும் என்று பாடுபட்டவர் ஒரு வக்கீல். அவர்தான் ஜே.பி.டாங்குவா.

ராஜாவின் தம்பி

டாங்குவா 1895-ம் ஆண்டு டிசம்பர் மாதம் பிறந்தார். தகப்பனார் கிறிஸ்தவ மத போதகர். அண்ணன் நானா ஒபோரி ஆட்டா, அக்கிம் அபுவாக்வா என்ற பகுதியின் ராஜா. இருவருக்கும் தகப்பனார் ஒருவரே, தாய் வேறு.

வாலிப வயதில் டாங்குவா ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக வேலை பார்த்தார். பிறகு அண்ணனிடம் காரியதரிசி ஆனார். 1921-ல் லண்டனுக்குப் படிக்கப் போனார். பாரிஸ்டர் பட்டமும், தத்துவத்தில் டாக்டர் பட்டமும் பெற்று 1927-ல் ஊர் திரும்பினார்.

வக்கீல் தொழிலோடு அவர் நிற்கவில்லை. 1931-ல் தினசரிப் பத்திரிகை தொடங்கினார். தம் மக்களின் சட்டங்களையும் பழக்க வழக்கங்களையும் பற்றிப் புத்தகம் எழுதினார்.

மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்த பிரிட்டிஷ் நாடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பல்கலைக்கழகக் கல்லூரி போதும், அதுவும் நைஜீரியாவில் இருக்கட்டும் என்ற யோசனை வந்தது. டாங்குவா விடவில்லை. அவரும் மற்றவர்களும் போராடியதால், 1948-ல் கோல்டு கோஸ்டுக்குச் சொந்தக் கல்லூரி கிடைத்தது.

துப்பாக்கிச் சூடு

1947-ல் டாங்குவாவும் நண்பர்களும் சுயாட்சி கேட்டு ஒரு கட்சி அமைத்தார்கள். அதற்குக் காரியதரிசியாக, வெளிநாட்டில் இருந்த ஓர் இளைஞரை வரவழைத்தார்கள். அவர் பெயர் நிக்ருமா.

1948-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி, பர்மாப் போர் முனையைக் கண்ட மாஜி சிப்பாய்கள் கவர்னர் மாளிகையை நோக்கி ஊர்வலம் போனார்கள். போலீஸ் அதிகாரி சுட்டதில் 3 பேர் இறந்தனர். கலவரம் மூண்டது. டாங்குவா, நிக்ருமா உள்பட 6 தலைவர்கள் கைதானார்கள்.

அடுத்த ஆண்டே நிக்ருமா பிரிந்து போய்த் தனிக் கட்சி கண்டார். மக்கள் அவர் பின்னே திரண்டனர். 1951 தேர்தலில் டாங்குவா சட்டசபைக்கு வந்தார். ஆனால் ஆட்சி நிக்ருமா கைக்குப் போயிற்று. 1954, 1956 தேர்தல்களில் டாங்குவா தோற்றார். 1957 மார்ச் 6-ந் தேதி நாடு விடுதலை பெற்றது. பெயர் "கானா" ஆயிற்று!

பொல்லாத சட்டம்

1958-ல் ஒரு சட்டம் வந்தது. விசாரணையே இல்லாமல் ஒருவரை 5 ஆண்டு வரை சிறையில் வைக்கலாம்!

1960-ல் டாங்குவா ஜனாதிபதி தேர்தலில் நிக்ருமாவை எதிர்த்து நின்று தோற்றார். ஆனால் கோர்ட்டில் அவர் போராட்டம் ஓயவில்லை.

ஆக்கோட்டோ என்பவரும் வேறு 7 பேரும் அந்தச் சட்டப்படி சிறையில் இருந்தார்கள். அவர்களுக்காக டாங்குவா வாதாடினார். "குடிமக்களின் சுதந்திரத்தைக் காப்பேன் என்று ஜனாதிபதி பதவி ஏற்கும்போது உறுதி கூறுகிறார். இந்தச் சட்டம் அதற்கு விரோதம்" என்பது அவர் வாதம்.

சுப்ரீம் கோர்ட்டு அதை ஏற்கவில்லை. "அந்த உறுதிமொழி மனச்சாட்சியைக் கட்டுப்படுத்தும், சட்டத்தைக் கட்டுப்படுத்தாது" என்ற கருத்தில் 1961 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது.

அக்டோபரில் டாங்குவாவே கைதானார்! அதே சட்டம், விசாரணை கிடையாது. 1962 ஜூனில் விடுதலை ஆனார்.

கடைசிச் சிறை

1964 ஜனவரி 2-ந் தேதி ஒரு போலீஸ்காரர் நிக்ருமாவைச் சுட்டார். நிக்ருமா தப்பினார். 8-ந் தேதி டாங்குவா மறுபடியும் கைது செய்யப்பட்டார். விடுதலை கோரி, சிறையில் இருந்து நிக்ருமாவுக்கு எழுதினார். பலன் இல்லை.

1965-ம் ஆண்டு பிப்ரவரி 4-ந் தேதி, நிசவாம் சிறையில் அவர் உயிர் பிரிந்தது. அப்போது வயது 69.

ஓர் ஆண்டு சென்றதும், 1966 பிப்ரவரி 24-ந் தேதி, ராணுவம் நிக்ருமாவின் ஆட்சியைக் கவிழ்த்தது. விசாரணை இன்றி அடைபட்டுக் கிடந்தவர்கள் வெளியே வந்தார்கள்.

கானாவின் 1992-ம் ஆண்டு அரசியல் சட்டத்தில் ஒரு விதி உண்டு. குற்றம் செய்ததாகச் சந்தேகித்துக் கைது செய்தவரை விடுவிக்காவிட்டால், 48 மணி நேரத்துக்குள் கோர்ட்டில் நிறுத்த வேண்டும்.

டாங்குவா கடைசியாகச் சிறையில் கிடந்தது ஓர் ஆண்டுக்கு மேல். அவரை எந்தக் கோர்ட்டிலும் நிறுத்தவில்லை.