வேம்பநாட்டுக் காயலில் புலிவாக மீன்

கயாக் என்பது ஒருவர் அமர்ந்து தாமே துடுப்புப் போடும் சிறு படகு. சத்தமில்லாமல் ஓரடி ஆழத்திலும் செல்லும் என்பதால் தூண்டில்காரர்களுக்கு ஏற்றது. நம் வீட்டு இளைஞர்கள் அதில் இறங்குமுன் கேட்பது, “பெரிய மீன் எங்கே கிடைக்கும்?” என்பதே. தேவராவில் குடியிருக்கும் நமக்கு இதற்கான விடை காயலின் உப்பில் இருக்கிறது.

தேவராவை ஒட்டிய காயல் கடலுக்கு மிக அருகில் உள்ளது. தென்மேற்குப் பருவமழையில் நன்னீராகும் இது, மழை ஓய்ந்ததும் மெல்ல உப்பாகிவிடும். இங்கே வேட்டை மீன் என்றால் கொடுவாதான். மலையாள அன்பர்கள் காளாஞ்சி என்பார்கள். நன்னீரில் வாழும் விரால், வாளை, புலிவாக ஆகியவற்றைத் தேடுவோர் இதே வேம்பநாட்டுக் காயலில் தெற்கே செல்ல வேண்டும். குட்டநாட்டு வயல்களை உப்பிலிருந்து காக்க 1970களில் தண்ணீர்முக்கத்தில் தடுப்பணை கட்டப்பட்டது. கோடைப் பயிர்க்காலத்தில் அதன் ஷட்டர்களை மூடுவார்கள். அப்போது அணைக்குத் தெற்கே, குமரகம், குட்டநாடு பக்கத்தில், நீர் பெரும்பாலும் நன்னீராக இருக்கும்.

உப்பை அறிய எளிய வழி ஆகாயத்தாமரை. அது பச்சையாகச் செழித்திருந்தால் நன்னீர். பழுத்து அழுகினால் உப்பு ஏறிவிட்டது என்று கொள்ளலாம். அடுத்ததாக, வாய்க்கால் காயலில் சேரும் முகத்துவாரம், வயல் வரப்பின் ஓரம், மூழ்கிய மரம், பாசித் திட்டின் விளிம்பு ஆகியவற்றைத் தேடுங்கள். விரால் இனத்து மீன்கள் காற்றையும் சுவாசிப்பவை. அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கியே ஆகவேண்டும். காலையிலும் மாலையிலும் படகை நிறுத்திச் சற்று அமைதியாகக் கவனித்தால் மீன் தன் இருப்பிடத்தைத் தானே காட்டிவிடும்.

இவற்றுள் புலிவாகவுக்கும் நம் ஊருக்கும் ஓர் உறவு உண்டு. கொச்சியில் மருத்துவராகப் பணியாற்றிய ஃபிரான்சிஸ் டே, இங்கே கிடைத்த குஞ்சுகளைக் கண்டு 1865இல் இதைத் தனி இனமாக எழுதினார். குஞ்சின் உடலில் ஓடும் இரு கோடுகளே அறிவியல் பெயருக்குக் காரணம். பின்னர் 1878இல் அவரே அதைத் தென்கிழக்கு ஆசிய மீனுடன் சேர்த்துவிட்டார். மரபணு ஆய்வின் மூலம் அது தனி இனம்தான் என்று மீண்டும் நிலைநாட்டப்பட்டது 2011இல். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியிலிருந்து வரும் ஆறுகளையும் அவை சேரும் நீர்நிலைகளையும் தவிர உலகில் வேறெங்கும் இது இல்லை. சங்கப் புலவர்கள் பாடிய ‘வரால்’ என்ற சொல்லை நம் அண்டை வீட்டார் இன்றும் அப்படியே வழங்குவது இன்னொரு மகிழ்ச்சி.

எனவே அன்பர்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். நீர்ப்பரப்பில் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகக் கொதிப்பதுபோல் தெரிந்தால் அருகிலேயே தாயும் தந்தையும் காவல் இருக்கும். குஞ்சைக் காக்கவே அவை தூண்டிலின் மேல் பாயும்; அதனால் பிடிப்பது மிக எளிது. பிடித்துவிட்டாலோ குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும். ஒரு மீனுக்காக ஒரு தலைமுறையே போகும். அந்த இடத்தில் தூண்டில் போடாமல் படகைத் திருப்புங்கள். புதுமழையில் முட்டையிட ஏறிவரும் மீனைப் பிடிக்கும் ‘ஊத்த’ வேட்டைக்கும் கேரளத்தில் சட்டப்படி தடை உள்ளது.

வயலோர வாய்க்கால்களில் ஊராரிடம் அனுமதி கேட்டுவிட்டு இறங்குவது மரியாதை. நீச்சல் தெரிந்தவரும் மிதவைச் சட்டை அணியாமல் போகக்கூடாது. வேம்பநாட்டில் காற்று திடீரென எழும், கரையோரமாகவே செல்லுங்கள். பெரிய மீன் கிடைத்தால் படம் எடுத்துக்கொண்டு நீரில் விட்டுவிடலாம். நம் பிள்ளைகளின் பிள்ளைகளும் அதைக் காயலில் காணட்டும்.