வசனத்துக்குள் ஒளிந்திருக்கும் ‘நான்’

ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலர், தொலைக்காட்சியில் கேட்ட விளம்பர வரியையோ கார்ட்டூன் வசனத்தையோ அதே ஏற்ற இறக்கத்துடன் திரும்பத் திரும்பச் சொல்வதை வகுப்பறையில் பார்க்கிறோம். “டிவி பேச்சை நிறுத்து” என்று அதட்டுவதும் உண்டு. அப்படி அதட்டும்போது, அக்குழந்தைக்குக் கைவந்த ஒரே மொழியை நாம் பறித்துவிடக்கூடும்.

லியோ கேனர் 1943இல் ஆட்டிசம் பற்றி எழுதிய கட்டுரையிலேயே இந்த எதிரொலிப் பேச்சைக் குறிப்பிட்டுள்ளார். கேட்பது, மறுப்பது, தன்னை அமைதிப்படுத்திக்கொள்வது எனப் பல வேலைகளை அது செய்கிறது என்பதை 1980களில் பேரி பிரிசன்ட் முதலிய ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். என் வகுப்பு மாணவன் ஒருவன், எழுதிக் களைத்ததும் “இத்துடன் செய்திகள் முடிவடைந்தன” என்பான். அவனுக்குப் போதும் என்று பொருள்.

பாத்திரங்கள் வழியே குழந்தை தன்னையும் அறிந்துகொள்கிறது. அமெரிக்காவைச் சேர்ந்த ஓவன் சஸ்கிண்ட் சுமார் 3 வயதில் பேச்சை இழந்தார். டிஸ்னி படங்களை விடாமல் பார்த்தார். ஒருநாள் அவருடைய தந்தை ரான், ‘அலாதீன்’ படத்தில் வரும் இயாகோ என்ற கிளியின் பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டு, அதன் குரலில் ‘நீயாக இருப்பது எப்படி இருக்கிறது?’ என்று கேட்டார். நண்பர்கள் இல்லாததால் மகிழ்ச்சியாக இல்லை என்று ஓவன் பதில் சொன்னார். பின்னாளில் அவர் விரும்பி வரைந்தவை கதாநாயகர்களை அல்ல, துணைப் பாத்திரங்களை. தன்னை அவற்றின் காவலனாகவே கருதினார். இதை ரான் 2014இல் நூலாக எழுதினார்.

வகுப்பறையில் நாம் செய்யக்கூடியவை:

1. எந்த வசனம், எப்போது, யாரிடம் சொல்லப்படுகிறது என்று குறித்துவைக்கலாம். அது எந்த நிகழ்ச்சியில் வருகிறது என்று பெற்றோரிடம் கேட்கலாம்.

2. பொருள் புரிந்ததும், குழந்தை சொல்ல வேண்டிய வடிவிலேயே சிறு தொடரைத் தரலாம்: “எனக்குப் போதும், டீச்சர்.” ‘நான்’ என்பதற்கு ‘நீ’ என்று சொல்லும் குழந்தைகளுக்கு இது மிகவும் உதவும்.

3. நேரடிக் கேள்விக்குப் பதில் வராவிட்டால், பிடித்த பாத்திரத்தின் குரலில் கேட்டுப் பார்க்கலாம்.

நாள் முழுதும் தனியே திரைமுன் விடலாம் என்று இதற்குப் பொருளல்ல. பெரியவர் ஒருவர் உடன் அமர்ந்து பார்த்து, பேசும்போதுதான் வசனம் உரையாடலாகிறது. அடுத்த முறை ஒரு குழந்தை கார்ட்டூன் வசனம் சொன்னால், அதில் யாராகப் பேசுகிறது என்று கவனியுங்கள். அது தன்னைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருக்கலாம்.